உத்திரம் முடிந்தும் கழற்றாத மாலை

ஏப். 12, சனி

காலையில் பனிமூட்டம், பத்து மணிக்கு மேல் சுள்ளென்று வெயில். கேரட், பூண்டு லோடு, ஒட்டன்சத்திரம் மார்க்கெட். பின் டயர் பார்க்க வேண்டும். சீசன் ஆரம்பம். பெருமாள்மலையில் மலையேறும் டூரிஸ்ட் கார் வரிசை. எல்லாரும் தின்றுகொண்டே போகிறார்கள்.

இன்று மட்டும் எத்தனை பேர், "சாமி, சாப்டீங்களா?" டீக்கடையில், பெட்ரோல் பங்கில், எடை போடுமிடத்தில். எல்லாருக்கும் ஒரே பதில்: "ஆச்சு." ஆகவில்லை. இந்த ஊரில் மனுஷனை மனுஷன் கேட்க வேறு கேள்வியே கிடையாதா?

கமிஷன் கடைக்காரர் தோளைத் தட்டினார். "மாலை போட்டதுக்கப்புறம் ஆளே மாறிட்டீக சாமி. கொடுத்து வச்ச ஒடம்பு." போன வருஷம் இதே வாய்தான் என் வயிற்றைப் பார்த்து, "லோடு வண்டிக்குப் பின்னாடியா, முன்னாடியா?" என்று கேட்டது. கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். நான் சிரித்ததுதான் இன்னும் எரிகிறது.

தைப்பூசத்துக்குப் போட்ட மாலை. எல்லாரும் பழனியில் கழற்றினார்கள். நான் பங்குனி உத்திரம் வரை இருக்கட்டும் என்றேன். உத்திரம் நேற்று முடிந்தது. இப்போது வைகாசி விசாகம் என்று வீட்டில் சொல்லியாயிற்று. என் மனைவி செல்வி பாத்திரத்தைச் சத்தமாக வைத்தாள்.

ஏப். 13, ஞாயிறு

மேகமூட்டம். பீன்ஸ் லோடு. பழனி ரோட்டில் ஒரு வளைவில் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. லோடுமேன் பாண்டி பாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டான். "அண்ணே! பள்ளம்ணே!" எதிரே டூரிஸ்ட் வேன். ஜன்னல் நிறையக் குழந்தைகள்.

வேன் டிரைவர் இறங்கி வந்து அம்மா அக்காவையெல்லாம் இழுத்துத் திட்டினான். பிறகு என் கழுத்தைப் பார்த்தான். "அடடா, சாமிங்களா. விரதக் களைப்பு. பாத்துப் போங்க சாமி." கும்பிட்டுவிட்டுப் போனான். அவன் என்னை அறைந்திருக்க வேண்டும்.

"காலைல சாப்டீங்களாண்ணே?" என்றான் பாண்டி.

"ஆச்சுன்னு சொல்றேன்ல!" தொண்டை கிழியக் கத்தினேன். மாலை போட்டவன் கோபப்படக் கூடாதாம். எனக்கு இப்போது வேறு எதுவும் வருவதில்லை.

பழனியில் அவன் டீ குடிக்கப் போனான். நான் வீட்டுக்கென்று வாங்கிய பஞ்சாமிர்தத்தைக் கேபினில் உட்கார்ந்து ஒரே மூச்சில் காலி செய்தேன். ருசியே தெரியவில்லை. டப்பாவை சீட்டுக்கு அடியில் ஒளித்தேன், திருடன் மாதிரி. அப்புறம் நாளை பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்று எனக்கு நானே தண்டனை. யார் சொன்னது? முருகனா சொன்னார்?

எழுதிப் பார்க்கிறேன்:

சாப்பாடு பற்றிக் கேட்டவரிடமெல்லாம் பொய்.

பாண்டி பார்சலைப் பிரித்தால் அவன் மேல் ஆத்திரம்.

ஒ.சத்திரம் வெயிலிலும் குளிர். ஸ்வெட்டர்.

பெல்ட்டில் ஆணியால் போட்ட ஓட்டை. அதைத் தடவிப் பார்த்தால்தான் நிம்மதி.

விரதம் இருக்கிறவன் சாமியை நினைப்பான். நான் நாள் முழுக்கப் புரோட்டாவை நினைக்கிறேன்.

கடைசி வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

ஏப். 14, திங்கள். சித்திரை ஒன்று

மார்க்கெட் லீவு. மதியத்துக்கு மேல் மழை. வேப்பம்பூ பச்சடி, வடை, பாயசம். செல்வி விடிவதற்கு முன்பே அடுப்படியில்.

இலை போட்டாள். பக்கத்திலேயே தனக்கும் ஒரு இலை. பாயசத்தைப் பார்த்தால் பாம்பைப் பார்ப்பதுபோல் இருந்தது. "விரதம்னு தெரியாதா ஒனக்கு?" என்று இலையைத் தள்ளினேன். பாயசம் அவள் புதுச் சேலையில்.

அவள் துடைக்கவில்லை. "பூசம்னீங்க. உத்திரம்னீங்க. இப்ப விசாகம். அதுக்கப்புறம் ஆடிக் கிருத்திகையா? நம்ம ஒண்ணா ஒக்காந்து சாப்ட்டு எம்புட்டு நாளாச்சு தெரியுமா? இனிமே சாமின்னு கூப்பிட மாட்டேன். எம் புருசனுக்கு என்னமோ ஆகிப்போச்சு. அதை முருகன் தலைல கட்டாதீங்க."

வெளியே போய் வண்டிக்குள் உட்கார்ந்தேன். மழை நிற்கும்வரை அழுதேன். பசி இல்லை, பயம். மாலையைக் கழற்றினால் எல்லாரும் தட்டை நீட்டுவார்கள். மறுக்க என்னிடம் காரணம் இருக்காது. சாமிக்குப் பயந்து இத்தனை நாள் இருந்ததாக நினைத்தேன். இட்லிக்குப் பயந்திருக்கிறேன்.

ஏப். 15, செவ்வாய்

லோடு உண்டு, போகவில்லை. காலையில் செல்வி, "ஏங்க" என்றாள். மாசக்கணக்கில் கேட்காத சொல். மாலையை நானே கழற்றி முருகன் படத்தில் மாட்டினேன். கழுத்து வெறிச்சென்று இருந்தது. ஒரு இட்லி. பாதியில் தட்டைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. செல்வி எதிரே உட்கார்ந்து தன் இட்லியைத் தின்றாள், என்னைப் பார்க்காமல். முடித்தேன். அவள் மேல் கோபம், கடைக்காரன் மேல் கோபம், என் மேல் எல்லாரையும்விட. மத்தியானம் மறுபடி சாப்பிட முடியவில்லை.

ஏப். 16, புதன்

குளிர். மூட்டை ஏற்றியாயிற்று. பாண்டி என் வெறும் கழுத்தைப் பார்த்தான். பழக்கதோஷத்தில், "சாப்டீங்களாண்ணே?"

'ஆ' வரை வந்துவிட்டது.

"இல்லடா. சாப்பிடப் பயமா இருக்கு."

மூட்டை கட்டும் கயிற்றைப் பாண்டி கீழே போட்டான். "மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போவம்ணே. லோடு கெடக்கட்டும். சாவியக் குடுங்க, நான் ஓட்றேன்."

கொடுத்தேன்.