கண் மூடாத அரணையின் பெயர்ப்பலகையில் ஒரு வரி சேர்க்கக் கோருதல்

அனுப்புநர்
ஊர்வனப் பிரிவில் ஆய்வாளராக இருந்து மறைந்தவரின் மனைவி,
கண் மருத்துவமனைச் செவிலியர் (ஓய்வு),
ஆற்றுப்பாலத்தை அடுத்த தெரு, மாடி வீடு.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
இயற்கை வரலாற்று அருங்காட்சியகம்.

பொருள்: சருகு அரணைகள் கூடம் – என் கணவர் பெயர் சூட்டப்பட்ட அரணையின் பலகையில் உள்ள பிழையைத் திருத்துதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. தங்கள் அருங்காட்சியகத்தின் இரண்டாம் மாடியில் சருகு அரணைகளுக்கென்று புதுக் கூடம் திறந்திருக்கிறீர்கள். அதில் மலையுச்சி அரணைக்கு என் கணவர் பெயரைச் சூட்டியிருப்பது எங்கள் குடும்பத்துக்குப் பெருமையே. ஆனால் கண்ணாடிப் பெட்டியின் கீழுள்ள பலகை, ‘இது தனி இனம் என்று நிறுவிய அறிஞர்’ என்று அவரைக் குறிப்பிடுகிறது. அவர் நிறுவவில்லை. அதை அவர் கடைசிவரை மறுத்தார்.

2. தாங்கள் பொறுப்பேற்கும் முன்பே அவர் காலமானதால் சிறிது விளக்க வேண்டியுள்ளது. சருகு அரணைகள் விரல் நீளம்தான் இருக்கும். சிலவற்றின் கீழிமையில் கண்ணாடி போன்ற ஒரு சன்னல் உண்டு. இமையை மூடினாலும் அதன் வழியே வெளிச்சம் தெரியும். வேறு சிலவற்றுக்கு அந்த இமை கண்ணோடு ஒட்டிப்போய்விட்டது. அவற்றால் கண்ணை மூடவும் முடியாது, திறக்கவும் முடியாது. இதை வைத்து அவற்றை எத்தனை இனமாகப் பிரிப்பது என்பதுதான் என் கணவரின் வாழ்நாள் வழக்கு. பிரிக்கவே கூடாது என்பது அவர் கட்சி. "பிரிக்கறதுக்குக் கத்தி போதும். சேர்க்கத்தான் காரணம் வேணும்" என்று சாப்பாட்டு மேசையில் உப்பைக் கேட்கும் குரலில் சொல்வார். அரணைக்கு மறதி அதிகம் என்பார்கள்; குடையை எங்காவது மறந்துவிட்டு வருவதால் அலுவலகத்தில் அவருக்கு ‘அரணையார்’ என்று பெயர். அரணைகளைப் பற்றிய எதையும் அவர் மறந்ததில்லை.

3. அவரிடம் பயின்று, பிறகு அதே பிரிவில் ஆய்வாளரானவர் ஒரு பெண். வீட்டில் நாங்கள் அவரைச் ‘சின்ன டாக்டர்’ என்போம். மலையுச்சி அரணை கண் மூடாதது, ஆகவே தனி இனம் என்று கண்டறிந்தவர் அவர்தான். பெரியவருக்கும் சின்னவருக்கும் இதில் மூண்ட சண்டையில் எங்கள் வீட்டுத் தேநீர் எத்தனையோ முறை ஆறிப்போயிருக்கிறது. பிறகு சின்னவர் வருவது நின்றது. என் கணவர் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கிப் பார்ப்பார். பேப்பர்காரர் என்று தெரிந்ததும் குனிந்துகொள்வார்.

4. கூடம் திறந்த அன்று பலகையைப் படித்ததும், மறுக்க ஆள் இல்லை என்ற தைரியத்தில் செத்தவர் வாயில் அவர் சொல்லாததை ஊட்டிவிட்டார்களே என்று எனக்குக் கோபம் வந்தது. நேரே சின்ன டாக்டரின் அறைக்குப் போய்க் கேட்கக் கூடாத கேள்விகளெல்லாம் கேட்டேன். அவர் என்னை உட்காரவைத்து, எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார்.

5. என் கணவர் படுக்கையில் விழுவதற்குச் சற்று முன்பு, என்னிடம் வங்கிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, சின்னவரை அழைத்துக்கொண்டு மலைக்குப் போயிருக்கிறார். உச்சியில் மஞ்சும் வெயிலும் மாறி மாறி வந்த பிற்பகல். சருகின் மேல் ஓர் அரணை அசையாமல் உறங்கியதாம். இருவரும் மண்ணில் குப்புறப் படுத்து அதையே பார்த்திருக்கிறார்கள். "மூடுதா?" என்று கேட்டிருக்கிறார். "இல்ல சார்." வெயில் நகர்ந்து நிழல் வந்த பிறகும், "இப்ப?" "இல்ல சார்." நெடுநேரம் கழித்து, "இது மட்டும் சோம்பேறியா இருக்கும்" என்றாராம். இறங்கும்போது சின்னவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "நீ எழுது. அது தப்புன்னு நான் எழுதறேன்" என்று சொல்லியிருக்கிறார். சின்னவர் எழுதினார். இவருக்கு எழுத நாள் இல்லாமல் போயிற்று.

6. "அப்புறம் எதுக்கும்மா அவர் பேர வச்ச?" என்று கேட்டேன். "இனிமே யார் இத மறுத்தாலும் அவர் பேரச் சொல்லித்தானேம்மா மறுக்கணும்" என்றார். பலகையின் வாசகம் அவர் எழுதியதல்ல. அவர் கொடுத்ததை விளம்பரப் பிரிவினர் சுருக்கும்போது அவருடைய பெயரே போய்விட்டது. ஒப்பந்தப் பணியில் இருப்பதால் அவர் முறையிடத் தயங்குகிறார். எனக்கு அந்தத் தயக்கம் இல்லை.

7. விளம்பரப் பிரிவு அலுவலர், "பெருமைதானேம்மா, இதுலபோய் என்ன குறை?" என்று கேட்டுத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார். அதன்பின் நானே ஒரு தாளில் எழுதிப் பலகைக்குக் கீழே ஒட்டினேன். காவலர் அதைக் கிழியாமல் உரித்து என் கையில் தந்து, "ஒட்டக் கூடாதும்மா, மனுவாக் குடுங்க" என்றார். அவர் சொற்படியே இதை எழுதுகிறேன்.

8. மனுவில் எழுதத்தக்கதோ அல்லவோ, இதையும் தெரிவித்துவிடுகிறேன். அந்தக் கூடத்துப் பெஞ்சில் பிற்பகல்களில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பெட்டிகளின் பச்சை வெளிச்சத்தில் ஒருநாள் கண் அயர்ந்தேன். தரையெல்லாம் சருகு. வந்தவர்கள் கணுக்கால்வரை அதில் மூழ்கி ஓசையின்றி நடந்தார்கள். சுவர்களைக் காணோம், மஞ்சு இருந்தது. நடுவில் என் கணவர் குப்புறப் படுத்து உருப்பெருக்கியைப் பிடித்திருந்தார். திரும்பவில்லை. வீட்டுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டேன். "இரு, மூடப்போகுது" என்றார். நானும் அவர் பக்கத்தில் படுத்தேன். மண் வெதுவெதுப்பாக இருந்தது. பணிக்காலத்தில் எத்தனையோ கண்களுக்கு மருந்து விட்டு மூடியிருக்கிறேன். அவருடையதையும் நான்தான் மூடினேன். அந்தக் கனவில் மூட வேண்டிய கண் எதுவுமே இல்லை. விழித்தபோது கூடத்தில் விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து வர எனக்கு மனமில்லை.

9. ஆகவே, பெயரை எடுத்துவிடும்படி நான் கேட்கவில்லை. பிழையான வாசகத்தை நீக்கி, கீழ்க்கண்டவாறு எழுத உத்தரவிட வேண்டுகிறேன்: ‘இதைத் தனி இனமெனக் கண்டறிந்தவர் இந்த அருங்காட்சியகத்தின் ஆய்வாளர். இது எவர் பெயரைத் தாங்கியிருக்கிறதோ, அவர் அதை ஏற்கவில்லை.’ முதல் வாக்கியத்தில் சின்ன டாக்டரின் முழுப்பெயர் இடம்பெற வேண்டும். இடம் போதாவிட்டால் என் கணவரின் பட்டங்களை எடுத்துவிடலாம், அவர் வருத்தப்படமாட்டார்.

10. இருவரில் யார் சரி என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வரியைப் படிப்பவர்களில் ஒருவராவது, யார் சொல்வது உண்மை என்று பெட்டிமுன் குனிந்து, மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பார். என் கணவர் அறிந்த மரியாதை அது ஒன்றுதான். தாங்கள் மனம் வைத்து அதை அவருக்குச் செய்து தர வேண்டுமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
அரணையாரின் மனைவி

நாள்: கூடம் திறந்த மறுமாதம், முதல் வியாழன்
இடம்: இரண்டாம் மாடி, பெட்டிக்கு எதிர்ப் பெஞ்சு