ஓணான் முத்திரை

மார்ச் 3, செவ்வாய்

கார்னிவல் முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. அதில் தூவிய சோளமாவு இன்னும் சில தலைகளில் கட்டி கட்டியாக ஒட்டியிருக்கிறது. காலை முழுக்க அலசிக்கொண்டே இருந்தேன். பாரங்கியாவில் முடி திருத்துகிறவளுக்கு மார்ச் மாதம் இப்படித்தான்.

மத்தியானம் பெர்தெல் வந்தார். அமெரிக்க விசா விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறவர். எங்கள் பேட்டையில் அவர் வாக்குதான் வேதம். என் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ஒரு முத்திரைகூட இல்லியே நூரிஸ். எங்கயும் போய்த் திரும்பி வராத ஆள அமெரிக்காக்கார கிரிங்கோ எப்படி நம்புவான்? நாலு நாட்டு முத்திரையோட போய் நில்லு, அப்புறம் பாரு." இதற்கு முன் இரண்டு தடவை எனக்கு விசா மறுத்ததற்கும் காரணம் இதுதானாம். சுற்றுலாக் கப்பலில் போனால் ஒரே வாரத்தில் நாலு நாடு.

கப்பல் டிக்கெட்டுக்காக எலியேசர் மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டார். டயர் கடைக்கு நடந்து போனால் தொப்பை குறையுமாம். என் கணவர் எதற்கும் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. அதுவே எனக்கு எரிச்சல்.

ஜூலை 25 மகள் யூலியெத்துக்குக் கல்யாணம், அமெரிக்காவில், ஹூஸ்டனில். அங்கேதான் ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கிறாள். அவளைப் பார்த்து நாலு வருஷம். இந்தப் பேட்டையில் பாதி மணப்பெண்களுக்குத் தலை அலங்காரம் செய்து அனுப்பியது நான். என் பெண்ணின் தலையை எவளோ ஒருத்தி தொடுவதா? அவள் பின்கழுத்தில் ஒரு சுழி இருக்கிறது. அதைத் தெரியாமல் சீவினால் மேலே கட்டியதெல்லாம் அரை மணியில் சரிந்துவிடும். எவளுக்குத் தெரியும் அது?

இங்கேயே கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்றால், மாப்பிள்ளையின் அம்மா டெப்ரா கொலம்பியாவில் கால் வைக்க மாட்டாளாம். விமானத்தை விட்டு இறங்கியதும் சுட்டுவிடுவோம் என்று நினைப்பு.

மார்ச் 8, ஞாயிறு

கார்த்தஹேனாவில் கப்பல் ஏறியாயிற்று. குடியேற்ற அதிகாரி கணினியைப் பார்த்தான், தலையாட்டினான், அவ்வளவுதான். முத்திரை? அது வேண்டாமாம். சரி, சொந்த நாடுதானே என்று விட்டேன்.

ஏறியதும் பாஸ்போர்ட்டைக் கப்பல்காரர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் அட்டை. இது என்ன நியாயம்?

மார்ச் 10, செவ்வாய். அரூபா

கையெழுத்துப் போட்டு, கெஞ்சி, பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு இறங்கினேன். துறைமுகத்தில் அதைப் பார்க்க ஆளே இல்லை. பிளாஸ்டிக் அட்டையை ஒருவன் தூரத்திலிருந்தே பார்த்துப் போகச் சொன்னான். வெயிலில் வாசல் வாசலாக அலைந்தேன். எலியேசர் கடலில் குளித்துவிட்டு, மூக்கெல்லாம் சிவந்து வந்தார்.

இன்னும் மூன்று நாடு இருக்கிறது.

மார்ச் 11, புதன். குராசாவ்

இங்கே ஓர் அலுவலகம் இருந்தது. உள்ளே நல்ல ஸ்பானிஷ் பேசும் கனத்த பெண். பாஸ்போர்ட்டைத் திறந்தே வைத்து நீட்டினேன். பரிதாபமாகத்தான் பார்த்தாள். "கப்பல்ல வந்தீங்க, கப்பல்லயே போறீங்க. எங்க கணக்குல நீங்க வரவே இல்லம்மா. விமானத்துல வாங்க, குத்தித் தர்றேன்."

வரவே இல்லையாம். அவள் முன்னால்தான் வியர்த்து வழிந்துகொண்டு நிற்கிறேன்.

துறைமுகத்திலிருந்து யூலியெத்தைக் கூப்பிட்டு அழுதேன். அவள் கேட்டது வேறு. "விசா இல்லாமயே எறங்க விட்டாங்களா?" ஆமாம், எங்களுக்கு இங்கே விசா வேண்டாம் என்றேன். "அப்ப நான் அங்க வந்துடவாம்மா?" என்று சிரித்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மண்டபம் பேசி, பத்திரிகை அச்சடித்தாகிவிட்டது. விளையாடுகிற நேரமா இது?

மார்ச் 12, வியாழன். பொனேர்

செய்துவிட்டேன்.

கடைத்தெருவில் ஒரு கிழவர் அஞ்சலட்டை விற்கிறார். மேசைமேல் பெரிய ரப்பர் முத்திரை. நடுவில் ஒரு பச்சை ஓணான், சுற்றிலும் தீவின் பெயர், தேதி. பயணிகள் அட்டையில் குத்திக்கொண்டு போகிறார்கள். நான் பாஸ்போர்ட்டை நீட்டினேன். கிழவர் கையை எடுத்துவிட்டார். "இது அதுக்கில்ல தாயி." நானே எடுத்துக் குத்தினேன், ஐந்தாம் பக்கத்தில். அவசரத்தில் வால் கொஞ்சம் இழுபட்டுவிட்டது.

தேதி இருக்கிறது. ஊர்ப் பெயர் இருக்கிறது. பின்னே என்ன?

மார்ச் 13, வெள்ளி. கடலில்

ஓணான் நன்றாகக் காய்ந்துவிட்டது. எலியேசர் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சாப்பாட்டு மேசையிலேயே சண்டை. மோட்டார் சைக்கிளை விற்றது இதற்குத்தானா என்று அவர் வாயால் கேட்கவில்லை, ஆனால் முகம் கேட்டது. பிறகு தனியாக மேல்தளத்தில் சுற்றிச் சுற்றி நடந்தேன். உட்கார்ந்தால் கால் ஆடுகிறது. எல்லாரும் சாய்வு நாற்காலியில் கிடக்கிறார்கள், எனக்கு மட்டும் இந்தக் கப்பல் போதாத வேகத்தில் போகிறது.

மார்ச் 14, சனி. கொலோன், பனாமா

இங்கேயும் முத்திரை இல்லை.

மார்ச் 16, திங்கள்

பெர்தெல் ஐந்தாம் பக்கத்தைப் பார்த்ததும் காப்பியைக் கீழே வைத்துவிட்டார். கண்ட முத்திரையைக் குத்தினால் பாஸ்போர்ட்டே செல்லாமல் போகலாமாம். "புதுசு எடுத்துரு நூரிஸ். ஓணானோட மட்டும் போயிராத." புதுசு என்றால்? முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வெள்ளை.

சலூனில் தலை அலசும் தொட்டிமேல் குனிந்து அழுதேன். எலியேசர் வந்து, இந்தத் தடவை சிரிக்காமல், தண்ணீர்க் குழாயை மூடினார்.

ஏப்ரல் 9, வியாழன்

புது பாஸ்போர்ட் வந்தது. பசை வாசனை. திறந்து பார்க்கவில்லை.

ஏப்ரல் 22, புதன். பொகோட்டா, அமெரிக்கத் தூதரகம்

குளிர். வரிசை. கண்ணாடிக்குப் பின்னால் ஓர் இளைஞன், சலூனுக்குப் போய் மாதங்கள் ஆன தலை.

என்ன வேலை என்றான். வீட்டு முன்னறையில் சலூன் என்றேன். மகள் அங்கேயா என்றான். ஆமாம். கல்யாணத்துக்கா? ஆமாம். இந்த முறை தகுதி பெறவில்லை என்று சொல்லி ஒரு தாளைத் தள்ளினான்.

பாஸ்போர்ட்டைத் திறக்கவே இல்லை. ஒரு பக்கம்கூட. அதில் ஓணான் இருந்தால் என்ன, யானை இருந்தால் என்ன? கப்பலில் நான் அலைந்தது எதற்கு? வெளியே வந்து நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ ஒரு பெண்மணி தண்ணீர் கொடுத்தாள். அவளும் அதே தாளை வைத்திருந்தாள்.

ஏப்ரல் 23, வியாழன்

யூலியெத்திடம் சொல்லத் தைரியமில்லை. எலியேசர்தான் பேசினார். மன்னித்துவிடச் சொல் என்றேன். அவள் அழவில்லை. போனை என்னிடம் கொடுக்கச் சொன்னாளாம்.

"அம்மா, அந்தக் குராசாவ் தீவுல உன்கிட்ட விசா கேக்கலதான?"

இல்லை என்றேன். அமெரிக்காவை விட்டுப் போய்வர அவளுடைய விசாவுக்கும் தடையில்லையாம், ஆஸ்பத்திரியில் கேட்டுவிட்டாளாம். மண்டபம், பத்திரிகை, டெப்ரா என்று நான் ஒவ்வொன்றாக இழுத்தேன்.

"மண்டபத்த வுடு. டெப்ராகிட்ட நேத்தே பேசிட்டேன். கடற்கரைன்னதும் தொப்பி வாங்கப் போயிட்டாங்க. உன் சீப்ப எடுத்துக்கிட்டு வா, போதும்."

இவள் இதை மார்ச்சிலேயே சொன்னாளே. நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு முத்திரைப் பைத்தியம்.

மே 30, சனி

எலியேசர் தொப்பை உண்மையிலேயே குறைந்திருக்கிறது. கல்யாண உடுப்பின் இடுப்பைப் பிடித்துத் தைக்க வேண்டும்.

ஜூலை 24, வெள்ளி. குராசாவ்

விமானத்தில் வந்தோம். பையில் சீப்புகள், ஊசிகள், முடிச் சுருட்டிகள். பரிசோதனையில் எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்தார்கள். எங்கள் வரிசையில் சின்னப் பையன்போல ஓர் அதிகாரி. முதல் தடவையா என்று கேட்டான். எலியேசர் வாயைத் திறந்தார், நான் அவர் காலை மிதித்தேன். "ஆமாப்பா" என்றேன்.

அவன் முத்திரையை எடுத்தபோது நான் கண்ணாடிக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தேன். யூலியெத் காலையிலேயே வந்துவிட்டாள். முடியை ஒரு கையால் அள்ளி உச்சியில் பிடித்திருந்தாள், கழுத்து வியர்த்தால் சின்னதிலிருந்தே அப்படித்தான் செய்வாள். பக்கத்தில் தொப்பியோடு நின்றவள் டெப்ராவாக இருக்கும். டக் என்று சத்தம் கேட்டது. பாஸ்போர்ட்டை மறந்துவிட்டுப் போனேன், எலியேசர்தான் பொறுக்கிக்கொண்டு பின்னால் ஓடிவந்தார்.

எந்தப் பக்கத்தில் குத்தினான் என்று இன்னும் பார்க்கவில்லை. நாளைக்காக இன்று ஒரு தடவை சீவிப் பார்த்தோம். அவள் நாற்காலியில் உட்கார்ந்து ஏதேதோ பேசிக்கொண்டே இருந்தாள், எனக்குப் பாதி காதில் விழவில்லை.

சுழி அதே இடத்தில்தான் இருக்கிறது.