சுவிட்சருகே நிற்கும் அம்மா

பெங்களூர், 9-2-1986

அம்மாவின் பாதங்களுக்கு நமஸ்காரம். அப்பாவின் முட்டிவலி தேவலையா? தங்கச்சி அமுதம் இதை நிதானமாகப் படித்துக் காட்டட்டும்.

எங்கள் கம்பெனியில் தகடு வெட்டும் இயந்திரத்துக்குள் கை போனால் உடனே அதை நிறுத்துவதற்கு, நகத்தளவு மின்னணு சிப் ஒன்றைப் பழக்கினேன். முதல் சோதனையில் கைக்குப் பதிலாக வைத்த வாழைத்தண்டு துண்டாகிவிட்டது. வெட்டிய தகடுகளை எண்ணும் வேலையையும் அதற்கே கொடுத்திருந்தேன். எண்ணி முடித்துவிட்டுத்தான் நிறுத்தியது. நிறுத்தியது சரி, நேரம்தான் தப்பு.

அப்போது உன் நினைவு வந்தது. அப்பா கரும்பாலையில் கரும்பைச் செருகும்போது நீ சுவிட்சில் கை வைத்து நிற்பாய். நான் சோறு கேட்டாலும் திரும்பாமலே, "இருடா, அப்பா கை வெளிய வரட்டும்" என்பாய். சிப்பையும் அப்படியே மாற்றினேன். கை தெரிந்தால் எண்ணுவதெல்லாம் அப்புறம்.

மறுநாள் வாழைத்தண்டு தப்பியது. பிறகு மானேஜர் பார்க்க என் கையையே நீட்டினேன். நகத்தில் கீறல்கூட இல்லை, திட்டாதே. யாரிடம் கற்றாய் என்று கேட்டார். பாகூர் வள்ளியம்மாள் என்றேன்.

நம் ஆலை வெல்லம் இரண்டு அச்சு அனுப்பு. இங்கே டீ இனிக்கவே மாட்டேன் என்கிறது. தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார், முடிக்கிறேன்.

உன் மகன்,
ஆதிமூலம்

கையை நீட்டியபோது பயமே இல்லையம்மா. சுவிட்சருகே நீ நிற்பது போலவே இருந்தது.