ஞானதாஸ் விற்ற டார்ச்சும் நீ அனுப்பிய டார்ச்சும்

திங்கட்கிழமை

அன்பு மகன் லோகேஷுக்கு அம்மா எழுதுவது. நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, வெயிலில் தலையை மூடிக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே எனக்கு முட்டி வலியைத் தவிர ஒரு குறையும் இல்லை, உன் தங்கச்சி சத்யா பொன்னேரி காலேஜுக்கு ஒழுங்காகப் போய் வருகிறாள், உங்க நைனாவுக்கு அந்தக் கையைத் தவிர மற்றதெல்லாம் சுகம். போனில் பேசாமல் எதற்குக் காகிதம் என்று கேட்பாய். நம் வீடு ஒரே அறை, போனில் நான் அந்தக் கடைக்கார ஞானதாஸ் பேரை எடுத்தாலே உங்க நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே எழுந்து போய்விடுகிறார். எனக்கோ அந்தப் பேரை எடுக்காமல் பேச்சே ஓடாது. ஜெரோம் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை ராத்திரி மஸ்கட் திரும்புகிறானாம், இதையும் இறால் ஊறுகாய் டப்பாவையும் அவன் பெட்டியில் வைத்து அனுப்புகிறேன்.

நீ அனுப்பின டார்ச் லைட் வந்து சேர்ந்து பதினோரு நாள் ஆகிறது. நல்லா இருக்கா என்று நீ போனில் கேட்டதற்கு ம் என்று மட்டும் சொன்னேன், ஏனென்றால் நான் சோதித்துப் பார்க்காமல் எதையும் சொல்வதாக இல்லை. இப்போது சொல்கிறேன் கேள். உடம்பெல்லாம் இரும்பா வேறு எதுவா தெரியவில்லை, கையில் கனமாக நிற்கிறது, ஈரக் கையில் வழுக்காமல் இருக்க வரி வரியாக வெட்டி விட்டிருக்கிறான். அதை நம் வீட்டு மொட்டை மாடியிலிருந்து சிமெண்ட் தரையில் மூன்று தடவை போட்டேன், ஓரத்தில் கொஞ்சம் சிராய்த்ததே தவிர வெளிச்சம் அசையவில்லை. ஒரு ராத்திரி முழுக்க நம் உப்பு ஏரித் தண்ணீர் நிரப்பின வாளியில் எரியவிட்டே போட்டு வைத்தேன், காலையில் மூடியைத் திருகிப் பார்த்தால் உள்ளே ஒரு சொட்டு இல்லை. சேற்றில் புதைத்தேன், ஐஸ் பெட்டிக்குள் வைத்தேன். சத்யா பார்த்துவிட்டு, ஏம்மா அது இன்னா பாவம் பண்ணுச்சி என்று கேட்டாள். வெளிச்சத்தைப் பற்றிச் சொன்னால், கரையில் நின்று அடித்தால் தூரத்தில் ஊன்றியிருக்கும் வலைக் கம்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். ஆனால் தண்ணீருக்குள் பார்க்க அந்தப் பெரிய வெளிச்சம் உதவாது, கலங்கின தண்ணீரில் மேலேயே பட்டுத் திரும்பி என் கண்ணைத்தான் கூசுகிறது. இரண்டாவது அமுக்கில் வருகிற மங்கல் வெளிச்சம்தான் நமக்கு ஏற்றது, முழங்கால் தண்ணீரில் தரை தெரிகிறது, இறால் கண் சிவப்பாக மின்னுவது தெரிகிறது, கெளுத்தி கிடந்தால் முள்ளோடு தெரிகிறது. முழு வெளிச்சத்தில் மூணே கால் மணி நேரம் சார்ஜ் நிற்கிறது, மங்கலில் ஒரு ராத்திரி போய் மறு ராத்திரியும் பாதி வரை. எல்லாம் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறேன். குறை என்றால், முழு வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் போனதும் கையில் சுடுகிறது, துணி சுற்றித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

எதற்கு இவ்வளவு சோதனை என்றால், வருகிற ஞாயிற்றுக்கிழமை மகளிர் குழுக் கூட்டம். கையால் இறாலும் நண்டும் பிடிக்கிற குடும்பங்களுக்கு நாற்பது டார்ச் லைட் வாங்கப் போகிறார்கள், எது நல்லது என்று பார்த்துச் சொல்கிற பொறுப்பைத் தலைவி ருக்கு என்னிடம் விட்டிருக்கிறாள். நாற்பதையும் நானே தருகிறேன் என்று எழுதிக் கொடுத்திருப்பவன் யார் என்று நினைக்கிறாய், அதே ஞானதாஸ். அதே மஞ்சள் பிளாஸ்டிக் டார்ச்சைத்தான் எங்கள் தலையில் கட்டப் பார்க்கிறான். உங்க நைனாவின் இரண்டு விரலைத் தின்ற டார்ச் அது.

நீ தூரத்தில் இருந்ததால் அப்போது உனக்குப் பாதிதான் சொன்னோம், மீதியையும் இப்போது தெரிந்துகொள். ஆவணி அமாவாசைக்கு மறுநாள், வாங்கி ஒன்பது நாள்கூட ஆகாத டார்ச். எட்டு மணி நேரம் நிக்கும், தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆவாது என்று சொல்லித்தான் விற்றான். நானே காலையில் சார்ஜ் போட்டு, நானே நம் வழக்கப்படி உப்புத்தண்ணீர் இறங்காமல் இருக்க சைக்கிள் டியூபை வளையம் வளையமாக வெட்டி அதன் மேல் இறுக்கமாக மாட்டி, மத்தியானமே பையில் வைத்துக் கட்டிக் கொடுத்தேன். அவர் பொழுது சாயப் போனார். இறால் போடுகிற பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏரிக்குள் அரை மைல் போன பிறகு, இருட்டி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லையாம், டார்ச் செத்துவிட்டது. அமாவாசை இருட்டில் கையால் துழாவித் துழாவிக் கரைப்பக்கம் வரும்போதுதான் கெளுத்தி முள் உள்ளங்கையில் ஏறி உள்ளேயே முறிந்தது. ஐந்தாம் நாள் கை பலாக்காய் அளவு வீங்கி, ஆஸ்பத்திரியில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்தார்கள். இறால் இருக்கிற இடத்தை விரல் நுனியில் தெரிந்துகொள்கிற மனுஷன் இன்றைக்கு மூன்று விரலை வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்து, தண்ணீரில் இறங்குகிற என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு வயிறு எரிகிறது லோகேஷ், எரியாமல் என்ன செய்யும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சனிக்கிழமை, மீன் ஏலம் முடிந்து கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்து, அவன் கடை வாசலில் நின்று மூன்று கை மண்ணை வாரித் தூற்றினேன். உன் கடையில் விளக்கு எரியாமல் போக, நீயும் இருட்டில் துழாவிக்கொண்டு நிற்க என்று ஊர் கேட்கச் சொன்னேன். அதற்கு அவன், யம்மா, ஒரு தபா சார்ஜ் போட்டுப் பாரும்மா, எரியலனா மாத்தித் தரேன் என்றான். சாட்சியைக் கலைக்கப் பார்க்கிறான் என்று எனக்குத் தெரியாதா, டியூபைக்கூடக் கழற்றாமல் அப்படியே தகர டப்பாவில் போட்டுப் பூட்டி வைத்துவிட்டேன். அவனிடம் வாங்கின இன்னும் மூன்று பேர் வந்து, ஆமாக்கா என்னுதும் சார்ஜ் நிக்கல என்றார்கள். அன்றிலிருந்து நம் பக்கத்துப் பெண்களில் ஒருத்திகூட அவன் கடைப் படி ஏறுவதில்லை, ஏறவும் நான் விடுவதில்லை. பாதி ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறான், வாசலில் நாய் படுத்துத் தூங்குகிறது. அவன் பெண் ஜெனிஃபர் நம் சத்யாவோடு ஒரே பஸ்ஸில்தான் காலேஜுக்குப் போகிறாள், இப்போதெல்லாம் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறாளாம். அதைக் கேட்டு எனக்கு இனித்தது, உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உன்னுடையதையும் அவனுடையதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, நாற்பது குடும்பத்துக்கு முன்னால் அவன் முகத்தில் கரி பூசப் போகிறேன். அதோடு மிச்சமிருக்கிற பாதி ஷட்டரும் இறங்கிவிடும். உன் டார்ச்சுக்கு இன்னும் டியூப் மாட்டவில்லை, மாட்டி ஒரு நாள் தண்ணீரில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு மீதியை எழுதுகிறேன். அடுப்பில் குழம்பு கொதிக்கிறது.

வியாழக்கிழமை

லோகேஷ், மேலே எழுதினதைக் கிழித்துப் போடலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன். கிழிக்கவில்லை. நான் எப்படி இருந்தேன் என்று நீயும் தெரிந்துகொள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டியூப் வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் டார்ச்சோடு வந்த இங்கிலீஷ் தாளை சத்யா படித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். இதுக்குப் பூட்டு கீதும்மா, பொத்தானை நாலு தபா அமுக்கினா பூட்டிக்கும், அப்புறம் அமுக்கினாலும் எரியாது என்றாள். டார்ச் லைட்டுக்கு எதுக்குடி பூட்டு, யாரு தூக்கினு போவப் போறாங்க என்று நான் சிரித்தேன். பைக்குள்ள பொத்தான் அமுங்கி, நமக்குத் தெரியாம எரிஞ்சி சார்ஜ் எறங்கிடக் கூடாதுல்ல, அதுக்குத்தாம்மா என்றாள். அப்போது நான் முதல் வளையத்தை மாட்டி இறுக்கிக் கீழே இழுத்துக்கொண்டிருந்தேன். டியூப் பொத்தான் மேல் ஏறினதும் என் மடியிலேயே டார்ச் எரிந்தது.

நம்முடைய பழைய தகர டார்ச்சுக்குத் தள்ளுகிற ஸ்விட்ச். டியூப் எத்தனை இறுக்கமாகச் சுற்றினாலும் அது தள்ளினால்தான் எரியும். இருபது வருஷம் அப்படிச் சுற்றிச் சுற்றிப் பழகின கை இது. ஞானதாஸ் கொடுத்ததற்குப் புடைத்துக்கொண்டு நிற்கிற பொத்தான். அன்றைக்கு மத்தியான வெயிலில், உச்சி வெளிச்சத்தில், டியூப் அமுக்கி அது எரிந்திருந்தால்கூட எனக்கு என்ன தெரிந்திருக்கும். சத்யாவை உள்ளே அனுப்பிவிட்டுத் தகர டப்பாவைத் திறந்தேன். ஏழு மாதமாக நான் சாட்சி என்று காப்பாற்றின டியூப் சரியாக அந்தப் பொத்தான் மேல்தான் உட்கார்ந்திருந்தது. கத்தியால் கழற்றினேன். சார்ஜ் நிக்கல என்று சொன்ன மூன்று பேரும் டியூப் சுற்றினவர்கள்தான், இங்கே சுற்றாதவர் யார்.

அப்போதும் எனக்கு மனசு வரவில்லை. டியூப் என் தப்பாகவே இருக்கட்டும், டார்ச்சும் மட்டமாகத்தான் இருக்கும் என்று நேற்று முழுக்க அதைச் சார்ஜில் போட்டேன். ராத்திரி உங்க நைனா படுத்த பிறகு, ஒன்பது மணிக்கு அதை ஏற்றி அடுப்பு மேடையில் சுவரைப் பார்த்து வைத்துவிட்டு, கடிகாரத்துக்கு எதிரில் உட்கார்ந்தேன். அணைந்து போ அணைந்து போ என்று வாய்விட்டே சொன்னேன். பத்துக்கு அணைந்தாலும் ஞானதாஸ் பாதி திருடன், பதினொன்றுக்கு அணைந்தாலும் கால் திருடன், நான் மொத்தத் தப்பும் செய்தவள் ஆக மாட்டேன். பன்னிரண்டு அடித்தது, ஒன்று அடித்தது. அந்த வெளிச்சம் சுவரில் அப்படியே வட்டமாக நிற்கிறது. எந்த விளக்கையும் நான் அவ்வளவு வெறுத்ததில்லை.

இரண்டு மணிக்கு உங்க நைனா எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். டார்ச்சைப் பார்த்தார், வெட்டிப் போட்டிருந்த டியூபைப் பார்த்தார். எனக்கு அன்னிக்கே தெரியும் வசந்தா என்றார். அன்னிக்குக் கரையில பையிலிருந்து எடுக்கும்போதே எரிஞ்சினு இருந்திச்சி, கையில சுட்டுச்சி, கொஞ்ச நேரந்தான் எரிஞ்சிருக்கும்னு நெனச்சி எறங்கிட்டேன், தப்பு என்னுதுந்தான் என்றார். ஏழு மாதம் வாயை மூடிக்கொண்டு, நான் ஒருத்தன் பிழைப்பில் மண்ணைப் போடுவதைப் பார்த்துக்கொண்டு இருந்தீர்களே என்று நான் கத்தினேன். அவர் அதட்டவில்லை. சொல்லியிருந்தா அந்த மண்ணை உன் தலையிலயே வாரிப் போட்டுனு இருப்ப, அவன் தாங்குவான், நீ தாங்க மாட்ட என்றார். அந்த மூன்று விரல் கையை என் தலையில் வைத்தார். எனக்கு அவர் மேல் வந்த கோபம் ஞானதாஸ் மேல்கூட வந்ததில்லை, அழுகையும் அப்படியே வந்தது.

டார்ச் மூணே முக்காலுக்கு அணைந்தது. ஆறே முக்கால் மணி நேரம். எட்டு மணி நேரம் என்று சொன்னான், ஒண்ணே கால் மணி நேரம் பொய், அதை நான் விடப் போவதில்லை. ஆனால் மீதி ஆறே முக்கால் மணி நேரத்தையும் நான்தான் அவனுக்குத் திருப்பித் தர வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வரை காத்திருக்கப் போவதில்லை. நாளை மறுநாள் சனிக்கிழமை, ஏலம் முடிந்து கூட்டம் நிற்கிற அதே நேரத்துக்குப் போய், மண்ணை வாரின அதே இடத்தில் நின்று, கையில் இந்த டியூபை வைத்துக்கொண்டு, எரிய வைத்தவள் நான்தான் என்று அதே சத்தத்தில் சொல்லப் போகிறேன். முனகினால் எவனும் நம்ப மாட்டான். அவன் திட்டினால் வாங்கிக்கொள்வேன். ஊரில் எவனாவது உனக்குப் போனில் சிரித்துக்கொண்டே சொல்வதற்கு முன்னால் இது என் கையெழுத்தில் உனக்கு வந்து சேர வேண்டும், அதற்காகத்தான் ஜெரோமுக்கு இன்றைக்கே கொடுத்தனுப்புகிறேன். உங்க நைனா தானும் கூட வருகிறேன் என்கிறார். வேண்டாம் என்றேன், சட்டையைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள். உன்னை எந்த முள்ளும் தைக்காமல் ஏரியம்மன் காப்பாற்றட்டும், என் வாயிலிருந்து இத்தனை நாள் வந்த கெட்ட வார்த்தை எதுவும் உன் பக்கம் திரும்பாமல் இருக்கட்டும். மறக்காமல் ஒன்று செய், அங்கே நீ வேலைக்கு எடுத்துப் போகிற டார்ச்சைப் பையில் வைக்கும்போது பூட்டி வை, வைத்த பிறகும் ஒரு தடவை கையால் தொட்டுப் பார், சுட்டால் என்ன ஏது என்று கேள், உங்க நைனா மாதிரி இருந்துவிடாதே. ஊறுகாயை எல்லாருக்கும் கொடுத்துச் சாப்பிடு.

இப்படிக்கு,
டியூப் மாட்டின கையால்,
உன் அம்மா வசந்தா