பலகையில் இல்லாத டெல்பர்ட்

இல்லினாய்,
செவ்வாய்க்கிழமை

லொரெய்ன் அக்காவுக்கு,

நம் ஊர் மதுக்கூடத்தை இனி யாரும் இடிக்க முடியாது. எங்களைப் போன்ற தன்பாலீர்ப்பினர் உரிமைக்காகப் போலீசை எதிர்த்து நின்ற இடம், காக்க வேண்டிய நினைவுச் சின்னம் என்று நேற்று நகரமன்றம் அறிவித்ததை நீங்களும் கேட்டீர்கள். ஐம்பது வருடம் முன்பு, போலீஸ் நுழைந்ததும் மாடி ஜன்னலிலிருந்து குதித்த டெல்பர்ட்டின் பெயரை வாசல் பலகையில் பொறிக்கத்தான் நாங்கள் கேட்டிருந்தோம்.

நீங்கள் எழுந்தீர்கள். "என் தம்பி அந்த மாதிரி ஆளு இல்லைங்க. தெரியாம உள்ள போயிட்டான். அவன் பேரைப் போட்டு எங்க குடும்பத்தை நாறடிக்காதீங்க."

தலைவர் என்னிடம் திரும்பினார். "நீங்க அவருக்கு என்ன வேணும்?"

நான் உங்களைப் பார்த்தேன்.

"ஒரே வீட்டுல குடியிருந்தோம்" என்றேன்.

பெயரை எடுத்துவிட்டார்கள்.

பிறகு கார் கதவைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா அவன் ஏதாவது சொன்னானா?" என்று கேட்டீர்கள். அதற்கான பதிலை இங்கே எழுதுகிறேன்.

எனக்குத் தெரியாது, அக்கா. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் உயிரோடு இருந்தான். குடும்பத்தாரை மட்டும்தான் உள்ளே விடுவோம் என்றார்கள். நான் வராந்தாவில் நின்றிருந்தேன். உங்கள் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.

இப்படிக்கு,
உங்கள் தம்பியின் நண்பன்