மழை பற்றி எங்களுக்குத் தெரிந்தவை

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று எழுத ஆரம்பித்து, அடித்துவிட்டேன். எழுந்து நடமாடுகிறோம், மூன்று வேளையும் சாப்பிடுகிறோம், அந்த அளவுக்குச் சௌக்கியம். நீங்களும் அப்படித்தான் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்கலாம் என்றால், சாப்பிட்டாச்சா என்பதற்குள் பாப்பா பிடுங்கிக்கொள்கிறாள். அவள் திருப்பித் தருவதற்குள் உங்களை ஏற்றிப்போக வண்டி வந்துவிடுகிறது. கடிதத்தை யாரும் நடுவில் பிடுங்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் இந்த வருஷம் மூன்றாம் வகுப்பு என் தலையில். நாற்பத்தொரு பிள்ளைகள், முப்பத்திரண்டு பேருக்குத்தான் பெஞ்சு. நம் பாப்பாவும் அதிலே ஒருத்தி என்பது உங்களுக்குத் தெரியும். கேட் வரைக்கும் நான் அம்மா, உள்ளே நுழைந்ததும் மிஸ். சில நாள் வீட்டிலும் மறந்துபோய், மிஸ், தலை வாரி விடுங்க என்று வந்து நிற்கிறாள். எனக்குத் தொண்டை கட்டி இரண்டு வாரமாகிறது. வெந்நீர் குடிக்கிறேன், வேறொன்றும் செய்ய நேரமில்லை.

மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பாடம் நடத்துவதற்கு முன்னால் அதைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்க வேண்டுமாம். சொல்வதையெல்லாம் திருத்தாமல் எழுதிச் சுவரில் மாட்ட வேண்டுமாம். அது சரிதானா என்று எப்படிப் பார்ப்பது என்பதையும் அவர்களையே யோசிக்க விட வேண்டுமாம். தலைமையாசிரியை அதை என் மேஜையில் வைத்து, மழைப் பாடத்துல ஆரம்பிச்சிடுங்க, உங்களுக்குத்தான் பொறுமை ஜாஸ்தி என்றார். பொறுமையாவது ஒன்றாவது. வாதாடத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

சும்மா இருக்காமல் நான் ஒரு விதி வேறு போட்டேன். ஒரு வரியைச் சொன்னவர்தான் அதை அடிக்க வேண்டும். தப்பு என்று தனக்கே பட்ட பிறகு, என் மேஜையிலிருக்கும் சிவப்புப் பென்சிலால் அவரவர் கையாலேயே அடிக்க வேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது, மிஸ்ஸும் தொடக்கூடாது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன் என்று அப்போது தெரியவில்லை.

‘மழை பற்றி எங்களுக்குத் தெரிந்தவை’ என்று பெரிய தாளில் தலைப்புப் போட்டதுதான் தாமதம், கொட்டித் தீர்த்துவிட்டார்கள். நம் தெருச் சலவைக்கடைக்காரர் பையன், துணி காயப்போட்டா மழை வரும் என்றான். அவன் அப்பா தினமும் அப்படித்தான் புலம்புவாராம். நாங்கள் கேள்விக்குறி என்று கூப்பிடும் ஒருத்தி, மேகம் கடல் தண்ணியைக் குடிச்சிட்டு வந்து ஊத்துது என்றாள். அப்ப மழைத்தண்ணி ஏன் கரிக்கலை என்று பின்னாலிருந்து ஒரு குரல். இன்னொருத்தி, மழை எங்க வீட்டுக்குள்ளயும் பெய்யும் என்றாள். யாரும் சிரிக்கவில்லை, அதையும் எழுதினேன். ரொம்ப நாளைக்கப்புறம் அன்றைக்குத்தான் எனக்கு அலுப்புத் தெரியவில்லை.

அப்போது பாப்பா கையைத் தூக்கி, மழை வந்தா எங்க அப்பா வருவாங்க என்றாள். என் கை நின்றுவிட்டது. மிஸ், என்னுது மட்டும் எழுதலையே என்றாள். நாற்பது ஜோடிக் கண்கள் என்னையே பார்க்கின்றன. ஏழாவது வரியாக எழுதினேன். எப்படித் தெரியும் என்று மற்றவர்களைக் கேட்டது போலவே அவளையும் கேட்டேன். அப்பாவே போன்ல சொன்னாங்க என்றாள்.

நீங்கள் சொன்னது எனக்கும் நினைவிருக்கிறது. எப்போ வருவீங்க என்று அவள் நச்சரித்ததற்கு, மழை ஆரம்பிச்சதும் அப்பா வந்துடுவேன்டா என்றீர்கள். நீங்கள் கிரேன் ஓட்டுகிற இடத்தில் மழையே கிடையாது. அதனால் அது எப்போதோ வரப்போகிற ஒன்று என்று நினைத்து ஒரு பேச்சுக்குச் சொல்லியிருப்பீர்கள். இங்கே அடுத்த மாதமே பிடித்துக்கொண்டது.

வகுப்பில் சோதனைகள் நன்றாகத்தான் நடந்தன. உப்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்து மேலே தட்டைப் பிடித்தோம். தட்டில் கோத்துக்கொண்ட சொட்டை ஆளுக்கு ஒரு விரல் தொட்டு நக்கினார்கள், கரிக்கவில்லை. கேள்விக்குறியைக் கையில் பிடிக்க முடியவில்லை. சலவைக்கடைப் பையன் ஜன்னல் கம்பியில் ஐந்து நாள் ஈரத்துண்டு காயப்போட்டான், நாலு நாள் சுள்ளென்று வெயில். தன் வரியைத் தானே அடித்துவிட்டு, எங்க அப்பா வீணா பயப்படுறார் மிஸ், போய்ச் சொல்றேன் என்று கிளம்பினான்.

பாப்பாவும் சோதனை செய்தாள். நோட்டில் மூன்று கட்டம் போட்டாள். தேதி, மழை பெய்ததா, அப்பா வந்தாங்களா. முதல் மழையன்று கட்டிலுக்கு அடியிலிருந்த உங்கள் செருப்பைத் துடைத்து வாசலில் வைத்தாள். இரண்டாவது மழைக்கும் வைத்தாள். பதினொரு மழைக்கு ‘இல்லை’ என்று எழுதிய பிறகு, அடிச்சிடு, பதினொண்ணு போதாதா என்று சலவைக்கடைப் பையன் நியாயம் பேசினான். இதெல்லாம் சின்ன மழை, பெரிய மழைக்குத்தான் வருவாங்க என்றாள் இவள். எவ்வளவு பெரிசு என்று கேட்டான். மழை அளக்க ஆளுக்கொரு பிளாஸ்டிக் பாட்டிலைக் கழுத்தில் வெட்டி அவரவர் வீட்டு மாடியில் வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு கோடு போட்டு, இது வரைக்கும் தண்ணி ஏறணும் என்றாள். வகுப்பே ஒத்துக்கொண்டு, தங்கள் பாட்டிலிலும் அதே உயரத்தில் கோடு போட்டுக்கொண்டது.

போன செவ்வாய்க்கிழமை விடிய விடியப் பெய்தது. காலையில் நனைந்துபோன துணியை எடுக்க மாடிக்குப் போனேன். தண்ணீர் கோட்டுக்கு மேலே இரண்டு விரல் நின்றது. என்ன நினைத்தேனோ, பாட்டிலைச் சாய்த்துக் கோட்டுக்குக் கீழே வரும்வரை கொட்டிவிட்டேன். பார்த்ததைப் பார்த்தபடி எழுதணும் என்று பதினாறு வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்கிற வாய் இது. எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

வகுப்பில் சலவைக்கடைப் பையன் விடவில்லை. ஒரே தெரு மிஸ், எங்க பாட்டில்ல கோட்டைத் தாண்டிடுச்சு, இவளுதுல மட்டும் எப்படிக் குறையும் என்றான். பாப்பா அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு, எங்க வீட்டுல பாட்டில் காத்துக்குச் சாஞ்சிடுச்சு என்றாள். அவள் நான் கொட்டியதைப் பார்த்திருக்கிறாள். எட்டு வயசுப் பிள்ளை, என்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள். சாயங்காலம் நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். அந்தத் தேதிக்கு எதிரே மூன்றாவது கட்டம் காலியாக இருந்தது. அன்றிலிருந்து அவள் பாட்டிலை மாடியில் வைப்பதில்லை. கட்டிலுக்கு அடியில் உங்கள் செருப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

அடுத்த வாரம் அதிகாரி பார்வையிட வருகிறார். ஏழாவது வரி மேல ஒரு பேப்பரை ஒட்டிடுங்க, இது அறிவியலா குடும்பக் கதையா என்று கேட்பார் என்கிறார் தலைமையாசிரியை. மிஸ்ஸும் தொடக்கூடாது என்று விதி போட்டவளே நான்தான், முடியாது என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் அறை நண்பரின் மனைவியைக் கடைத்தெருவில் பார்த்தேன். ஒப்பந்தத்தைக் கம்பெனி தானாக நீட்டிக்கவில்லையாம், நீட்டித்துத் தரச் சொல்லி நீங்களே கேட்டு வாங்கினீர்களாம். முன்னமே தெரிந்தவள் போலத் தலையாட்டிவிட்டு வந்தேன். கோபம் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் சண்டை போடவும் தெம்பு வேண்டுமே. ஏன் என்று கேட்கவில்லை. எனக்கு நீங்கள் பதில் சொல்லாவிட்டாலும் நான் தாங்கிக்கொள்வேன், பழகிவிட்டது.

அவளுக்குப் பழகவில்லை. அந்த வரியை அவள் அடிக்கவும் மாட்டாள், அளக்கவும் மாட்டாள் போலிருக்கிறது. யோசித்துப் பார்த்தால் அவள் அடிக்க வேண்டியதும் இல்லை. சொன்னவர்தான் அடிக்க வேண்டும் என்பது விதி. அந்த வரியைச் சொன்னது அவள் இல்லை, நீங்கள். மழை இன்னும் மூன்று வாரம் இருக்கும் என்கிறார்கள். வந்து அதை நிஜமாக்கிவிடுங்கள். முடியாதென்றால், முடியாதென்று உங்கள் வாயாலேயே அவளிடம் சொல்லி அடித்துவிடுங்கள். என்னால் இனி ஒரு பாட்டிலைக் கொட்ட முடியாது.

உயரத்தில் வேலை, ஏறும்போதும் இறங்கும்போதும் படி பார்த்து நடங்கள். சிவப்புப் பென்சிலைச் சீவி வைத்திருக்கிறேன். செருப்பையும் துடைத்து வாசலில் வைத்திருக்கிறேன். இந்தத் தடவை வைத்தது நான்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி,
பாப்பாவின் மிஸ்