கடல்நாய் பந்தயம் கட்டுவதில்லை

ஈப்போ,
4.11.1979

அன்பு அத்தானுக்கு, கெர்ட்ரூட் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் உங்கள் அம்மாவும் சுகம். சிங்கப்பூரில் நீங்களும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. கப்பல் அடியைச் சுரண்டும் வேலை பிடித்துப்போனதாக எழுதியிருந்தீர்கள், சந்தோஷம். அடுத்த பக்கம் படித்ததும் அது போய்விட்டது. காற்றுக் குழாய் இல்லாமல் நான்கு நிமிடம் முங்கிக் காட்டினால் கைக்கடிகாரம் தருவதாகக் கூட்டாளிகள் பந்தயம் கட்டினார்களாம். டிசம்பர் முதல் ஞாயிறு என்று நாளும் குறித்தாயிற்றாம். வேகவேகமாக இருபது தடவை மூச்சு வாங்கிவிட்டு முங்குவதுதான் இரகசியமாம். என்னிடம் சொன்னீர்களே, அதுவே புண்ணியம்.

நூலகத்தில் நான் ஒட்டுவதற்குப் போன வாரம் முதுகு பிய்ந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று வந்தது. எல்லாம் கடல் பிராணிகள். பசை காயும்வரை பக்கத்து மேசை மெய் லிங் படித்துச் சொன்னாள். பெங்குவின் பறவை கால்மணி நேரம் தண்ணீருக்குள் இருக்குமாம். கடல்நாய் ஒரு மணி நேரம்கூட இருக்குமாம். அதன் மீசையைப் பார்த்தால் அப்படியே உங்கள் பெரியப்பா. நாம் நெஞ்சு நிறையக் காற்றை அடைத்துக்கொண்டு முங்குகிறோம். அது காற்றை வெளியே விட்டுவிட்டு முங்குகிறது. அதற்கு வேண்டியது இரத்தத்திலும் தசையிலும் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதாம். முங்கியதும் இருதயம் மெதுவாகிவிடும். கைகாலுக்குப் போகிற இரத்தம் குறைந்து மூளைக்குப் போய்ச் சேரும். முகத்தைத் தண்ணீரில் வைத்தால் மனிதருக்கும் கொஞ்சம் அப்படி ஆகுமாம்.

என்னால் சும்மா இருக்க முடியுமா? அத்தையை நாடி பிடித்துப் பார்க்கச் சொல்லிவிட்டு, துணி ஊறவைக்கும் பேசினில் முகத்தை விட்டேன். இருபது எண்ணுவதற்குள் அத்தை கொண்டையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். “இந்த நேரத்துல தண்ணியில தலைய விடுவாங்களா லா?” என்று தெருவே கேட்கத் திட்டு. நாடியை எண்ணவே இல்லை. மாதா மன்றாட்டு சொல்லிக்கொண்டிருந்தாராம்.

விளையாட்டு போதும். நம் கல்யாணத்துக்கு முந்திய வருடம், ஈயம் எடுத்து விட்டுப்போன அந்த லம்பக் குளத்தில், மரியஜோசப் அண்ணன் இப்படித்தான் புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்கிவிட்டு முங்கினார். கையைக் காலை உதறாமல் குப்புற மிதந்தார். நீங்கள்தான் கரைக்கு இழுத்து வந்தீர்கள். கள் குடித்ததால் வந்த வினை என்று எல்லாரும் சேர்ந்து அவரைக் கோவிலில் முழங்காலில் நிறுத்திச் சத்தியம் வாங்கினீர்கள். பாவம், இன்றுவரை அவர் கள்ளைத் தொடவில்லை.

அத்தான், கள்ளின் மேல் வீண் பழி. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. வேகமாக மூச்சு வாங்குவதால் காற்று பெரிதாக ஒன்றும் கூடிவிடாதாம். மேலே வா என்று நெஞ்சு முட்டுமே, அந்த முட்டல்தான் வராமல் போகுமாம். தெரியாமலே மயக்கம் வந்துவிடும். உங்கள் இரகசியம் அதுதான். அன்றைக்கு அவருக்கு நீங்கள் இருந்தீர்கள். உங்களுக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? எனக்குப் பயமாக இருக்கிறது.

அத்தை ஏன் அப்படித் திட்டினார் என்று சொல்லவில்லையே. ஜூலையில் அன்னம்மாள் திருவிழாவுக்கு நீங்கள் வந்துபோன கணக்குதான் என்று கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி சிரித்தார். நம் வீட்டு ஆள் ஒருவர் மூன்றரை மாதமாகத் தண்ணீருக்குள் இருக்கிறார். ஒன்பது மாதமும் முங்கியே இருப்பார், யாரிடமும் பந்தயம் கட்டவில்லை. இப்போதைக்கு அவருக்கும் சேர்த்து நான் மூச்சு விடுகிறேன். அவர் வெளியே வந்து அழும்போது தூக்கிக்கொள்ள நீங்கள் கரையில் நிற்க வேண்டும்.

மணி பார்க்க வீட்டுச் சுவரில் கடிகாரம் இருக்கிறது, அத்தான். மாதா உங்களை மூச்சோடு வைத்திருக்கட்டும்.

உங்கள்
கெர்ட்ரூட்